வீரனின் குறி தப்பலாமா?

கேள்வி: ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் தம் துப்பாக்கி சுடும் பயிற்சி பற்றி எழுதிய நகைச்சுவைக் கட்டுரையைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். 10 தோட்டாக்கள் சுட்டவரின் இலக்கில் 11 ஓட்டைகள் இருந்தனவாம். சுட்டதும் வெளியே தெறிக்கும் சூடான தோட்டா உறை சட்டைக்குள் விழுந்து ஒருவர் துள்ளினாராம். உயிரைக் கொடுத்து நாட்டைக் காப்பவர்களைக் கோமாளிகளாகக் காட்டலாமா?

பதில்: எழுதியவரே சீருடை அணிந்தவர். தாம் பட்ட பாட்டைச் சொல்லிச் சிரிக்க அவருக்கு உரிமை உண்டு. அதைத் தடுக்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

11-ஆவது ஓட்டை பக்கத்தில் படுத்திருந்தவர் போட்டது. ஒரே மாதிரியான இலக்குகள் வரிசையாக நிற்கும்போது, பதற்றத்தில் புதியவர் அடுத்தவர் இலக்கைச் சுட்டுவிடுவது எந்தப் படையிலும் நடப்பதுதான். வீரன் என்றால் பிறவியிலேயே குறி தப்பாதவன் என்று நினைக்கிறீர்கள். அந்த நினைப்புத்தான் அவர்களின் உழைப்பை அவமதிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். குறிபார்க்கத் துப்பாக்கியில் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே அரை மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால் போதும், 300 மீட்டருக்கு அப்பால் தோட்டா 60 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். மூச்சு விடுவதே அந்த அளவுக்கு அசைத்துவிடும். முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் காலாட்படையினர் 300 கஜ தூரத்து இலக்கை நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுடப் பழகினார்கள். அது வரமாக வந்ததல்ல.

மூச்சைவிடப் பெரிய எதிரி, வெடிச்சத்தத்துக்கும் பின்னுதைப்புக்கும் உடல் முன்கூட்டியே அஞ்சுவது. இதைப் பிடிக்கப் பயிற்சியாளர் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவை, சுடுபவருக்குத் தெரியாமல் கலந்து வைப்பார். விசையை அழுத்தியதும் 'கிளிக்' என்ற ஒலி மட்டும் வரும். ஆனால் கண்கள் இறுக மூடியிருக்கும், தோள் முன்னே பாய்ந்திருக்கும், வெடிக்காத துப்பாக்கியின் முனை மண்ணைப் பார்த்துத் தாழ்ந்திருக்கும். சுற்றி நிற்பவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நூறு முறை திட்டினாலும் புரியாதது அந்த ஒரு 'கிளிக்'கில் புரிந்துவிடும். பிறகு சுடுபவர், தோட்டா போடாத துப்பாக்கியின் குழல்மீது ஒரு நாணயத்தை வைத்து, அது விழாதபடி விசையை அழுத்தப் பழகுவார். கை நோகும், பொறுமை போகும். இதையும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நீங்கள் அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

தோட்டா உறை விஷயத்திலும் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள். கழுத்து பொசுங்கும்போது மனிதன் தன்னையறியாமல் திரும்புவான். தோட்டா நிரம்பிய துப்பாக்கியும் அவனோடு திரும்பினால், பக்கத்தில் இருப்பவரின் உயிர் போகும். தோல் வெந்தாலும் முனை இலக்கை விட்டு விலகக் கூடாது என்பது சுடுதளத்தின் முதல் விதி. அந்த இடத்தில் பயிற்சியாளர் போட்ட அதட்டலை எழுதும்போது கட்டுரையாளர் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடமும் கூடாத இடமும் அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

தொடர்ந்து எழுதும்படி அவரைக் கேட்டிருக்கிறேன். அனுப்பினால் அதையும் வெளியிடுவேன்.