வேங்கை மரமும் கறுத்த அந்துப்பூச்சியும்

வடமராட்சியில் இருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: "தரம் 11க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பாடசாலை விஞ்ஞான தினத்துக்கு இயற்கைத் தேர்வை வைத்து 15 நிமிட நாடகம் போடுகிறோம். வள்ளி திருமணச் சாயலில் பிள்ளைகளே எழுதினார்கள். வெள்ளை அந்துப்பூச்சி ஒன்று காதலியைப் பார்க்கப் போகிறது. காகம் கலைக்கிறது. அது தொழிற்சாலைப் புகைக்குள் புகுந்து கறுத்து, கரி படிந்த மரத்தில் ஒட்டியிருந்து தப்பி, கலியாணம் கட்டுகிறது. இது பிழை என்கிறார் கூடப் படிப்பிப்பவர். பிள்ளைகளுக்கோ அந்தக் காட்சியை விட மனமில்லை. என்ன செய்யலாம்? இங்கே இல்லாத பூச்சியை எப்படிக் காட்டுவது?"

ரீச்சர், உங்கள் சக ஆசிரியர் சொல்வது சரி. ஆனால் நாடகத்தைக் கைவிட வேண்டாம். பிழை அந்தப் புகைக் காட்சியில் மட்டும்தான் இருக்கிறது. அதைத் திருத்தினால் பாடப்புத்தகத்தை விட நன்றாக விளக்கும் நாடகம் உங்கள் கையில் இருக்கும்.

அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்குகிறது. முருகன் வேடனாக வருகிறார். நம்பிராசன் வருகிறான் என்றதும் வேங்கை மரமாக நிற்கிறார். பிறகு கிழவராகித் தேனும் தினைமாவும் கேட்கிறார். அண்ணன் யானையாக வந்து வெருட்ட, வள்ளி ஓடிவந்து கிழவரையே கட்டிப்பிடிக்கிறாள். கோயிலில் கந்தபுராணப் படிப்புக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆபத்து வந்தால் வேடம் மாறலாம் என்பது அவர்கள் மனதில் ஊறிய கதை. மரமாக நின்று தப்பிய முருகனையும் மரப்பட்டையில் ஒட்டித் தப்பும் பூச்சியையும் அவர்கள் சேர்த்து நினைத்தது அழகான யோசனை.

ஆனால் நினைத்தவுடன் வேடம் மாறுவது முருகனுக்குக் கைவரும், அந்துப்பூச்சிக்குக் கைவராது. கூட்டுப்புழுவில் இருந்து எந்த நிறத்தோடு வெளியே வருகிறதோ, சாகும்வரை அதே நிறம்தான். கரி அதன் செட்டையில் படிந்தாலும், அந்தக் கரி முட்டைக்குள் போகாது, குஞ்சுகளுக்கு ஒட்டாது. "புகையினால் அந்துப்பூச்சி கறுத்தது" என்ற வசனத்தை எத்தனையோ விடைத்தாள்களில் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறேன். படிக்காத பிள்ளைகள் எழுதியதல்ல. கதையாகச் சொன்னால் மனம் தானாகவே அந்தப் பக்கம் சாய்கிறது.

நடந்தது இதுதான். இங்கிலாந்தில் பேர்ச் மரங்களில் இருக்கும் அந்துப்பூச்சி, மிளகுத்தூள் தூவிய வெள்ளைத் துணி மாதிரி இருக்கும். மரப்பட்டையில் வெளிறிப் படர்ந்த, இலைக்கன் என்ற பாசி போன்ற உயிரின் மேல் அது இருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது. 1848இல் மன்செஸ்ரரில் கரிக்கறுப்பான ஒன்று பதிவானது. 1895 அளவில் அங்கே 100க்கு 98 கறுப்பு. இடையில் நிலக்கரிப் புகை இலைக்கனைக் கொன்று மரங்களைக் கறுப்பாக்கியிருந்தது. வெள்ளைப் பூச்சிகளைப் பறவைகள் பொறுக்கித் தின்றன. கறுப்புகள் கூடுதலாகத் தப்பின, முட்டையிட்டன, அந்த முட்டைகளில் இருந்து கறுப்புகள் வந்தன. ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். ஒரு பூச்சிகூட நிறம் மாறவில்லை; ஊரிலிருந்த பூச்சிகளின் கணக்குத்தான் மாறியது. இதுதான் இயற்கைத் தேர்வு.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்பதை லிவர்பூல் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 22,000 எழுத்து நீளமான டி.என்.ஏ. துண்டொன்று இடம் தாவி, ஒரு பரம்பரையலகுக்குள் (ஜீனுக்குள்) போய்ச் செருகிக்கொண்டிருக்கிறது. அது 1819ஐ அண்டி நடந்திருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். டி.என்.ஏ.யில் வரும் இப்படியான மாற்றத்தைத்தான் விகாரம் என்கிறோம். இந்த விகாரம் தற்செயல். எது தேவை என்று பார்த்து அது வருவதில்லை.

உங்கள் நாடகத்துக்கு இதில்தான் உயிர் இருக்கிறது. குறும்பைக் காதலனிடம் இருந்து எடுத்துப் பபூனிடம் கொடுங்கள். பபூன்தான் விகாரம். யாரும் கூப்பிடாமலே வருவான், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு முட்டையில் கறுப்பு மையைப் பூசிவிட்டுப் போவான். பூச்சியில் பூசக்கூடாது, முட்டையில்தான், இது முக்கியம். முதல் முறை அவன் பூசும்போது மரம் இன்னும் வெள்ளையாக இருக்கட்டும். கறுத்துப் பிறந்த அந்தப் பிள்ளையைக் காகம் முதலில் கொத்திக்கொண்டு போகட்டும். சபை திடுக்கிடும். அதே குறும்பை அவன் இன்னொரு முறை செய்யும்போது மரம் கறுத்திருக்கிறது, அந்தப் பிள்ளை தப்புகிறது. பபூனுக்கு இரண்டுமே தெரியாது.

காதலைக் குறைக்க வேண்டாம். உயிர் தப்பினால் மட்டும் போதாது, பிள்ளை குட்டி பிறந்தால்தான் நிறம் அடுத்த தலைமுறைக்குப் போகும். உண்மையான காட்சியே நல்ல காட்சி: இரவில் பெண் பூச்சி ஓரிடத்தில் இருந்தபடி வாசனையை விடும். ஆண் தன் இறகு போன்ற உணர்கொம்பால் அதைப் பிடித்துப் பறந்து வரும். சேர்ந்த சோடி மறுநாள் பகலிலும் அப்படியே அசையாமல் இருக்கும். விடியும்போதுதான் தெரியும், இருக்கும் மரம் எந்த நிறமென்று. கறுப்பும் வெள்ளையும் சோடி சேரும், அதற்கு ஒரு தடையும் இல்லை. கறுப்பு ஆட்சியான இயல்பு என்பதால் ஒரு பெற்றோரிடம் இருந்து வந்தாலே பிள்ளை கறுக்கும்.

மாணவர் யாராவது "புழு நிறம் மாறுமே" என்று கேட்டால் தடுமாற வேண்டாம். இதே பூச்சியின் புழு, தான் இருக்கும் சுள்ளியின் நிறத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும். அது தனி உயிர் ஒன்று தன் வாழ்நாளில் செய்வது. வளர்ந்த பூச்சியின் கறுப்பு அப்படியானதல்ல. அப்படிக் கேட்கும் பிள்ளையை மெச்சுங்கள்.

நடுவர்கள் ஆதாரம் கேட்டால்: பேர்னாட் கெற்றில்வெல் என்ற பூச்சி ஆய்வாளர் 1953இல் பேர்மிங்காமில் புகை படிந்த காட்டில் அடையாளமிட்டு விட்டவற்றில் கறுப்பு 27.5 சதவீதம் மீண்டும் பிடிபட்டது, வெள்ளை 13 சதவீதம். கூடுதலாக மீண்டும் பிடிபட்டதென்றால், பறவைகளுக்குக் கூடுதலாகத் தப்பியது என்று அர்த்தம். 1955இல் டோர்செற்றின் சுத்தமான காட்டில் இது தலைகீழானது: வெள்ளை 12.5, கறுப்பு 6.3. அவர் பூச்சிகளை அடிமரத்தில் விட்டார், அவை உண்மையில் கிளைகளிலேயே கூடுதலாக இருக்கும் என்ற குறை பிறகு எழுந்தது. அது நியாயமான குறை. கேம்பிறிட்ஜில் மைக்கல் மஜெரஸ் என்ற ஆய்வாளர் 2001 முதல் 2007 வரை 4,864 பூச்சிகளை விட்டு, தன் கண்ணாலேயே பறவைகள் தின்பதைப் பார்த்து, முடிவு சரி என்று காட்டினார்.

இனி எங்கள் ஊர்ப் பூச்சி. வீட்டு வாசல் லைற்றை இரவு முழுக்க எரியவிட்டு, விடிய முதல் எழும்பிப் பாருங்கள். வெள்ளையடித்த மதிலில் அந்துகள் அப்பிக்கொண்டிருக்கும். கொஞ்சம் வெளிக்கப் புலுனிக் குருவிகள் கூட்டமாக வந்து கொத்தத் தொடங்கும். என் வீட்டு மதிலில் மண்ணிற அந்து ஒன்றைப் புலுனி மூன்று பாய்ச்சலில் எடுத்ததை நின்று பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பூவரசம் பட்டையில் அதே மாதிரி ஒன்று இருந்தது. நான் விரலை வைக்கும்வரை எனக்கே அது தெரியவில்லை.

வகுப்பில் செய்ய ஒரு விளையாட்டு இருக்கிறது. பத்திரிகைத் தாளிலும் கறுப்புத் தாளிலும் நகமளவில் 40, 40 துண்டு வெட்டுங்கள். விரித்த பத்திரிகையில் தூவி, விளையாட்டின் நோக்கம் தெரியாத ஒரு பிள்ளையைக் காகமாக்கி, 15 செக்கனில் ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொல்லுங்கள். மிஞ்சியவற்றை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் இன்னொரு துண்டு சேருங்கள். நாலு சுற்றுப் போனால் கரும்பலகையில் எழுதிய எண்களே பேசும். பிறகு விரிப்பைக் கறுப்புத் துணியாக்கித் தொடருங்கள்.

கடைசிக் காட்சிக்கு 1956 பொருந்தும். அந்த ஆண்டு பிரித்தானியாவில் சுத்தமான காற்றுக்குச் சட்டம் வந்தது. மரங்கள் மெல்ல மெல்ல வெளிறின, கறுப்புப் பூச்சிகள் குறைந்தன. மேடையில் ஒரு பிள்ளையும் உடுப்பை மாற்ற வேண்டாம், பின்திரையை மட்டும் மாற்றுங்கள். "நான் கறுத்துப் போனன், இனிக் காகம் என்னைக் காணாது" என்ற வசனத்தை எடுத்துவிட்டு, "நான் கறுப்பாத்தான் பிறந்தனான், இண்டைக்கு மரமும் கறுப்பு" என்று போடுங்கள். காகமாக நடிக்கும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து ஆளைப் பிடிக்க விடாமல், உண்மையாகவே கண்ணில் முதலில் பட்டவரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.