கேளுங்க, சொல்றோம்: விமானம் இறங்கும்போது கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா?

கேள்வி: லேண்டிங்குக்கு அரை மணி நேரம் இருக்கும்போதே இஞ்சின் சத்தம் திடீர்னு குறைஞ்சிடுது, வயித்துல ஒரு மாதிரி ஆகுது. இஞ்சினை ஆஃப் பண்ணிடுவாங்களா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஆஃப் எல்லாம் பண்ண மாட்டாங்கம்மா, ஐடில்ல, அதாவது ஓடிக்கிட்டே இருக்கிற ரொம்ப குறைஞ்ச பவர்ல விடுவாங்க, அவ்ளோதான். ஆயிரம் அடி இறங்க சுமாரா 3 கடல் மைல்னு ஒரு கணக்கு, அப்போ 35,000 அடியில இருந்தா நூறு மைலுக்கு முன்னாடியே இறங்க ஆரம்பிக்கணும். காத்து, எடை, வேகம் எல்லாம் பாத்து அந்த இடத்தை எஃப்எம்எஸ்னு விமானத்துல இருக்கிற வழிக்கணக்கு கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்துடும்.

கேள்வி: கம்ப்யூட்டர்தான் இறக்குதுன்னா, அது தப்பா இறக்கினா என்ன கதி?
- வாசகர், திருச்சி

பதில்: அது பெரும்பாலும் சொன்னதைத்தான் செய்யும் சார், வில்லங்கமே அதுலதான். 1992 ஜனவரி 20, பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க்ல இறங்க வந்த ஏர் இன்டர் ஏ320 மலையில மோதி 96 பேர்ல 87 பேர் போயிட்டாங்க. விசாரணையில பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும்னு சொன்னது என்னன்னா, பைலட்டுங்க 3.3 டிகிரி சரிவுன்னு நினைச்சு 33னு வச்சிருக்காங்க, ஆனா ஆட்டோபைலட் வேற மோடுல இருந்ததால அது நிமிஷத்துக்கு 3,300 அடின்னு எடுத்துக்கிச்சு. ரெண்டுக்கும் ஒரே குமிழ், எண் தெரியுறதும் ஒரே சின்ன ஜன்னல், ராத்திரி வேற. தரை நெருங்குதுன்னு கத்துற கருவியும் அந்த விமானத்துல இல்ல. அப்புறம்தான் ஏர்பஸ் அந்த எண்ணை நாலு இலக்கமா முழுசா காட்டுற மாதிரி மாத்தினாங்க. பைலட் கவனிக்கலைன்னு ஒரே வரியில முடிச்சிடலாம், ஆனா கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியுற மாதிரி டிசைன் பண்ணவங்களுக்கும் இதுல பங்கு இருக்குன்னுதான் நான் சொல்வேன்.

நம்ம பக்கத்துலயே நடந்தது 1990 பிப்ரவரி 14. பம்பாயிலேர்ந்து பெங்களூருக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, அதுவும் ஏ320, ரன்வேக்கு முன்னாடியே கோல்ஃப் மைதானத்துல விழுந்து 92 பேர் இறந்தாங்க. நிமிஷத்துக்கு 700 அடி இறங்குன்னு வைக்க வேண்டியதை, பக்கத்து குமிழ்ல 700 அடி உயரம்னு வச்சிருக்கலாம்னு விசாரணையில பேசினாங்க. பெங்களூரே கடல் மட்டத்துக்கு 2,900 அடி மேல இருக்கு! விமானம் ஓப்பன் டிசென்ட்ங்கிற இறங்குற மோடுல போய் இஞ்சின் ஐடில்லயே நின்னுடுச்சு, வேகம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, உயரம் 400, 300, 200னு குரல் சொல்லிக்கிட்டே இருந்தும் பவர் கூட்டுற த்ராட்டிலைத் தள்ள நேரமாகிடுச்சு, தள்ளினாலும் ஐடில்லேர்ந்து ஜெட் இஞ்சின் வேகம் பிடிக்க சில செகண்ட் ஆகும்ல. அதனாலதான் இப்போ ட்ரெய்னிங்ல எந்த மோடுன்னு வாய்விட்டு படிக்கச் சொல்றாங்க, தாழ்வா வந்த பிறகும் வேகமும் பவரும் சரியா செட் ஆகலைன்னா யோசிக்காம கோ அரவுண்ட்தான், அதாவது இறங்காம மேல ஏறிடணும்.

கேள்வி: இறங்கும்போது றெக்கை மேல பலகை மாதிரி எழும்பி விமானமே அதிருது, ஏதும் கழண்டுடுச்சா?
- வாசகர், கோவை

பதில்: அது ஸ்பீட் பிரேக்குங்க. தரையிலேர்ந்து விமானங்களுக்கு வழி சொல்ற ஏடிசி லேட்டா இறங்கச் சொன்னா எஃப்எம்எஸ் போட்ட கணக்கு கெட்டுடும், உயரம் கூடுதலா நிக்கும், அதைக் கரைக்க இதைத் தூக்குவாங்க. இதை மடக்காம விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு கொலம்பியாவுல காலிங்கிற ஊருக்குப் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 ஒரு உதாரணம், 1995 டிசம்பர் 20. ரோஸோன்னு ஒரு ரேடியோ பீக்கனை (வழிகாட்ட சிக்னல் அனுப்புற தரை நிலையம்) நினைச்சு எஃப்எம்எஸ்ல ஆர்னு ஒத்தை எழுத்தைத் தட்டினாங்க, அது பொகோட்டா பக்கம் இருந்த ரோமியோவை எடுத்துக்கிட்டு இடது பக்கம் மலைகளை நோக்கித் திரும்பிடுச்சு. எச்சரிக்கை கத்தினதும் ஃபுல் பவர் கொடுத்து மேல ஏத்தினாங்க, ஆனா இறங்கத் தூக்கின ஸ்பீட் பிரேக் அப்படியே இருந்துச்சு, மலையில மோதி 159 பேர் போயிட்டாங்க. அதுக்கப்புறம் மலை மேப்பையே உள்ள வச்சுக்கிட்டு முன்கூட்டியே எச்சரிக்கிற ஈஜிபிடபிள்யூஎஸ் உலகம் முழுக்க பரவுச்சு. ஏ320ல ஃபுல் பவர் கொடுத்தா ஸ்பீட் பிரேக் தானா மடங்கிடும், அந்த போயிங் 757ல பைலட்தான் கையால மடக்கணும்.