பல எழுத்தாளர்கள் எழுதும் ஒரே கதைத்தொடரில் முன்னுக்குப் பின் முரண் இருந்தால் தொடர்ந்து படிக்கலாமா?

நீங்கள் சொல்வது ஸ்டார் வார்ஸ் விண்வெளிப் படங்களை ஒட்டிப் பலர் எழுதிய நாவல்களைத்தான் என்று நினைக்கிறேன். "ஒரு புத்தகத்தில் செத்தவர் இன்னொன்றில் உயிரோடு வருகிறார், ஆர்வமே போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். நாலைந்து படித்திருப்பீர்கள், மொத்தப் பட்டியலைப் பார்த்து மலைத்திருப்பீர்கள். நிறுத்திவிடாதீர்கள். என்னை இந்தத் தொடரோடு கட்டிப்போட்டதே அந்த முரண்கள்தான்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் திருவல்லிக்கேணி பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளில் எது கிடைக்கிறதோ அதுதான் வாசிப்பு வரிசை. டிமோதி ஜான், த்ரான் என்ற தளபதியை வில்லனாக வைத்து எழுதிய மூன்று பாகக் கதையில் 1993இல் வந்த மூன்றாம் பாகம் முதலில் சிக்கியது. 1991இல் வந்த முதல் பாகத்துக்கு ரொம்ப நாள் அலைந்தேன். நடுவில் ஆலன் டீன் ஃபாஸ்டர் 1978இல் எழுதிய நாவல் கிடைத்தது. அதில் நாயகன் லூக்குக்கு இளவரசி லேயா மேல் ஒரு கண்! 1983 படத்தில் பார்த்தால் இருவரும் உடன்பிறந்தவர்கள். அதற்காக ஃபாஸ்டரைக் குறை சொல்வது அநியாயம். அவர் எழுதியபோது எந்தப் படத்திலும் அந்த உறவு வந்திருக்கவில்லை.

அப்போதுதான் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். இடது பக்கம் முதலில் சொன்ன கதை, வலது பக்கம் பிறகு மாறிய கதை, கீழே யார் அதை எப்படிச் சரிக்கட்டினார்கள் என்பது. எனக்குப் பிடித்த பக்கம், காசுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் போபா ஃபெட்டின் பக்கம். 1996இல் வந்த ஒரு சிறுகதையில் அவருடைய நிஜப்பெயர் ஜாஸ்டர் மெரீல், கான்கார்ட் டான் என்ற கிரகத்தில் காவலராக இருந்தவர், மேலதிகாரியைக் கொன்றதால் நாடு கடத்தப்பட்டவர். 2002 படம் வந்து, அவர் அதே தொழில் செய்யும் ஜாங்கோ ஃபெட்டின் நகல் (குளோன்) என்று சொல்லிவிட்டது. சிறுகதை அவ்வளவுதான், குப்பை என்று விட்டிருக்கலாம். விடவில்லை. அதே ஆண்டு வெளிவரத் தொடங்கிய ஒரு காமிக்ஸில் ஜாஸ்டர் மெரீல் வேறொரு ஆளாக வருகிறார். கான்கார்ட் டானில் பெற்றோரை இழந்த சிறுவன் ஜாங்கோவை எடுத்து வளர்க்கும், மாண்டலோரியர் என்ற போர்வீரர் கூட்டத்தின் தலைவர். போபா பிற்பாடு அந்தப் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டான் என்று ஆகிவிட்டது. பழைய கதையும் நின்றது, புதியதற்கும் ஆழம் வந்தது. கிழிந்த பட்டுப்புடவையில் இழை தெரியாமல் நெய்து கொடுப்பவரின் கைவேலை மாதிரி இது. இதைப் போய் "சப்பைக்கட்டு" என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

எல்லாமே இப்படி அழகாக முடிந்தது என்று நான் சொல்லவில்லை. ஸ்டார் வார்ஸ் படங்களை எடுக்கும் லூகாஸ்ஃபிலிமில் 2000 முதல் லீலண்ட் சீ என்பவர் முரண்களைக் கவனிப்பதற்கென்றே ஒரு தரவுத்தளம் பராமரித்தார். முரண் வந்தால் படங்கள் சொல்வதுதான் மேலே, அடுத்து டிவி தொடர், அதற்கும் கீழேதான் நாவலும் காமிக்ஸும். மேலே இருப்பது மாறினால் கீழே இருப்பது வளைந்து கொடுக்க வேண்டும். ஈவன் பியல் என்ற ஜெடாய் (அபூர்வ சக்தி கொண்ட வீரர்) 2008இல் மைக்கேல் ரீவ்ஸ் எழுதிய நாவலில், போரின் முடிவில் நடக்கும் ஜெடாய்ப் படுகொலையிலிருந்து தப்பித்து, பிறகு சாகிறார். 2011இல் டிவி தொடர் அவரைப் போர் நடக்கும்போதே கொன்றுவிட்டது. நீங்கள் சொன்ன "செத்தவர் உயிரோடு" இதுவாகவும் இருக்கலாம். இது எனக்கு இன்னும் ஆறவில்லை. டிவிக்கு வேறு ஒரு ஜெடாயே கிடைக்கவில்லையா?

2014 ஏப்ரலில், டிஸ்னி கைக்குப் போயிருந்த லூகாஸ்ஃபிலிம், பழைய நாவல்கள் எல்லாவற்றையும் அதிகாரபூர்வக் கதையில் சேராத "லெஜண்ட்ஸ்" என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்கியது. உடனே சிலர் "டிஸ்னி மேல் காழ்ப்பு" என்று கிளம்புவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். புதிய படம் எடுப்பவர்களுக்கு கை கட்டப்படக்கூடாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ஓர் உத்தரவில் முரண்களைத் தீர்ப்பது சுலபம். கதைக்குள்ளேயே தீர்ப்பதற்கு முந்தைய எழுத்தாளரை முழுசாகப் படித்திருக்க வேண்டும், மதிக்கவும் வேண்டும்.

   

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். த்ரான் மூன்று பாகங்களையும் முடித்துவிட்டு, அதே ஜான் 1997, 1998இல் எழுதிய இரண்டு பாகங்களுக்குப் போங்கள். வேறொருவர் எழுதிய டார்க் எம்பயர் காமிக்ஸில், 1983 படத்தில் செத்துப்போன வில்லன் பேரரசர் நகல் உடலில் திரும்பி வருவார். அது உண்மையிலேயே அவர்தானா என்று, முன்பு அந்தப் பேரரசரிடமே வேலை பார்த்த, ஜான் உருவாக்கிய மாரா ஜேட் இந்தப் பாகங்களில் சந்தேகப்படுவாள். இந்த இரண்டு பாகங்களுக்கு முன்பே அந்தக் காமிக்ஸைப் படித்துவிடுங்கள். ஓர் எழுத்தாளர் இன்னொருவரோடு கதாபாத்திரத்தின் வாய் வழியாக வாதாடுவது அப்போதுதான் பிடிபடும்.