வாசகர் கேள்வி – பதில்: பறிபோன போனும் தானாக நகரும் ஸ்டிக்கும்

கேள்வி: கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட போனில் பேசிக்கொண்டு நடந்த என் தங்கச்சியிடமிருந்து, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்படி நடந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கல்லடி

பதில்: பின்னால் ஓடவேண்டாம், அவர்களிடம் கத்தி இருக்கலாம். பக்கத்தில் நிற்பவரின் போனை வாங்கி 119க்கு அழையுங்கள். இலக்கத் தகட்டில் கண்ணில் பட்டது, வண்டியின் நிறம், காத்தான்குடிப் பக்கம் போனார்களா நகரப் பக்கமா என்பதைச் சொல்லுங்கள்.

அடுத்தது சிம். போனை விட சிம்மால் வரும் நட்டம்தான் பெரிது. அதைக் கழற்றி வேறு போனில் போட்டால் வங்கி அனுப்பும் ஓடிபியும் பேஸ்புக் கடவுச்சொல்லை மாற்றும் குறியீடும் திருடனுக்கே போகும். ஆகவே முதலில் சிம் நிறுவனத்துக்கு அழைத்து இணைப்பை நிறுத்துங்கள், பிறகு வங்கிக்குச் சொல்லுங்கள். சிம்முக்கு முன்கூட்டியே பின் (PIN) எனும் இரகசிய இலக்கம் போட்டு வைத்தால் வேறு போனில் அது திறக்காது. மூன்று தரம் பிழையாக அடித்தால் பூட்டிக்கொள்ளும்.

ஆண்ட்ராய்ட் போன் என்றால், வேறொரு போனில் உங்கள் கூகுள் கணக்குக்குள் போய் அதைப் பூட்டலாம், இருக்கும் இடத்தையும் பார்க்கலாம். முழுதாக அழிப்பதைக் கடைசிக்கு வையுங்கள், அழித்தபின் இடம் காட்டாது. பலர் மாட்டுப்படுவது இங்கேதான்: கணக்குக்குள் போகக் கேட்கும் குறியீடு பறிபோன போனுக்கே போகும். அதற்காகவே கூகுள் எட்டு இலக்க மாற்றுக் குறியீடுகள் பத்துத் தருகிறது. இன்றைக்கே கடதாசியில் எழுதி வீட்டில் வையுங்கள். இடம் தெரிந்தாலும் நீங்களே தேடிப் போகாதீர்கள், பொலிஸிடம் கொடுங்கள்.

முறைப்பாட்டுக்கு, போனை அடையாளம் காட்டும் 15 இலக்க ஐஎம்இஐ (IMEI) எண் தேவை. அது போன் வந்த பெட்டியில் இருக்கும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண்கள், இரண்டையும் எழுதிக் கொடுங்கள். தங்கச்சிக்கு இதையும் சொல்லுங்கள்: வீதியின் வலப்பக்கமாக நடந்தால் அந்தப் பக்கத்து வாகனங்கள் முன்னால்தான் வரும், வருவது கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: டெட்ரிஸ் முடிவே இல்லாத விளையாட்டு. ஒரு பையன் அதை முடித்துவிட்டான் என்று செய்தி வந்ததே, உண்மையா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: உண்மை. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் பழைய நின்டெண்டோ டெட்ரிஸை 38 நிமிடம் விடாமல் ஆடி, 157ஆம் கட்டத்தில் உறைய வைத்தான். அவ்வளவு மேலே போகையில் புள்ளி கணக்கிட நேரம் கூடுகிறது. கணக்கு முடியுமுன் அடுத்த திரைக்கான வேலை குறுக்கிடுவதால் விளையாட்டு நின்றுபோகிறது. 29ஆம் கட்டத்தைத் தாண்டவே முடியாது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். கன்ட்ரோலரின் பின்பக்கத்தை விரல்களால் வரிசையாகத் தட்டும் முறை வந்த பிறகுதான் இது கைகூடியது. அபாரமான சாதனை!

கேள்வி: பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரின் இடது ஸ்டிக், தொடாமலே ஆளை நடக்க வைக்கிறது. புதிது வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பொறுங்கள். முதலில் ரீசெட் செய்து பாருங்கள். கொன்சோலை அணைத்து, கன்ட்ரோலரின் பின்னால் எல்2 பொத்தானுக்குக் கிட்ட உள்ள சிறிய துளையில் ஊசியால் ஐந்து செக்கன் அழுத்துங்கள். பிறகு யூஎஸ்பி வயரால் இணைத்து நடுப்பொத்தானை அழுத்துங்கள்.

சரிவராவிட்டால் கோளாறு ஸ்டிக்கின் அடியில். அங்கே ஸ்டிக் எவ்வளவு சாய்கிறது என்பதை மின்னழுத்தமாகக் காட்டும் பொட்டென்ஷியோமீட்டர்கள் இரண்டு உண்டு, ஒன்று மேல்-கீழ் அசைவுக்கு, மற்றது இடம்-வலத்துக்கு. அவற்றின் உள்ளே இருக்கும் கரித்தடத்தில் தூசி படிந்தாலோ அது தேய்ந்தாலோ, ஸ்டிக் நடுவில் நின்றாலும் தவறான மின்னழுத்தம் போகும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்கஹோலை இரண்டு மூன்று துளி அடியில் விட்டு, ஸ்டிக்கை இருபது தரம் வட்டமாகச் சுழற்றி, அரை மணி நேரம் காயவிடுங்கள். டபிள்யூடி-40 எனும் துரு நீக்கும் ஸ்பிரேயை அடிக்கவே வேண்டாம், எண்ணெய்ப் பசை தங்கி இன்னும் தூசி பிடிக்கும்.

ஒரு வாரத்துக்குள் கோளாறு திரும்ப வந்தால் கரித்தடம் தேய்ந்துவிட்டது, ஸ்டிக் பகுதியையே மாற்றவேண்டும். அதற்குச் சோல்டரால், அதாவது உருக்கிய உலோகப் பற்றால், ஒட்டிய பதினான்கு புள்ளிகளைக் கழற்றவேண்டும். பழைய சோல்டரின் மேல் ஈயம் கலந்த சோல்டரைக் கொஞ்சம் சேர்த்து இளக்கினால்தான் மின்சுற்றுப் பலகையில் உள்ள செப்புத் தடம் பெயராமல் வரும். கைப்பழக்கம் இல்லாவிட்டால் திருத்துநரிடம் கொடுங்கள்.

கேள்வி: கல்முனையில் பாவித்த போன் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. திருட்டுப் போனா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், கல்முனை

பதில்: *#06# அடியுங்கள். வரும் ஐஎம்இஐ எண் போன் வந்த பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகவேண்டும். பெட்டியே இல்லை என்றால் விட்டுவிடுங்கள். விற்பவர் தன் கூகுள் கணக்கை நீக்கி, உங்கள் முன்னால் ரீசெட் செய்து, முகப்புத் திரை வரை கொண்டுவந்து காட்டட்டும். இடையில் பழைய கணக்கைக் கேட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.