மாமியாரின் வாய்ப்புண்: கொரோனா ஓயட்டும் என்று பொறுக்கலாமா?

கேள்வி: மண்டபம் பக்கம் எங்கள் ஊர். மாமியாருக்கு 58 வயது, கடலில் பாசி எடுப்பவர். வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். உள்கன்னத்தில் ஒரு புண் ஒரு மாதமாக ஆறவில்லை, வலி இல்லை. மறுபடி கொரோனா பரவுகிறது என்கிறார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போய் அதையும் வாங்கி வரவா? ஓயட்டும்" என்கிறார். 2020-இல் பெரியம்மாவின் மார்புக் கட்டியை இப்படித்தான் தள்ளிப்போட்டோம். அவர் இப்போது மதுரையில் இரண்டாம் முறையாகக் கீமோ எடுக்கிறார். என்ன செய்வது?

பதில்: பொறுக்கவே வேண்டாம். இந்த வாரமே கூட்டிப்போங்கள்.

வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலையே அதுதான். வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. உங்கள் மாமியாரின் கையைப் பாருங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி பறிக்கும்போது பாறை கீறிய காயம், உப்புத் தண்ணீரில் ஊறினாலும் பத்துப் பதினைந்து நாளில் மூடிவிடும். வாய்க்குள் ரத்த ஓட்டம் அதிகம், புண் அதைவிடச் சீக்கிரம் ஆறவேண்டும். ஒரு மாதம் ஆறாமல் இருப்பது சாதாரணமில்லை. புண்ணின் விளிம்பு கெட்டியாக இருக்கிறதா, வாய் முன்புபோலத் திறக்கிறதா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

பெரியம்மா விஷயத்தில் உங்களைக் குறை சொல்லமாட்டேன். அன்று பஸ், ரயில் இல்லை. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். 2020 மார்ச் முதல் மே வரை நாட்டின் 41 புற்றுநோய் மையங்களில் புதிதாகப் பதிந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 54 சதவீதம் குறைவு. பெரிய அறுவை சிகிச்சைகளும் ஏறக்குறையப் பாதியாகின. நோய் குறையவில்லை, வந்து சேர முடிந்தவர்கள்தான் குறைந்தார்கள். வாய்ப்புற்றுக்கு இன்னொரு கெடுதலும் சேர்ந்தது: எச்சில் தெறிக்கும் என்று பல், தொண்டைப் பரிசோதனைகளை அவசரத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். முகக்கவசத்துக்குள் இருந்த புண் பக்கத்து வீட்டாருக்குக்கூடத் தெரியவில்லை. சிகிச்சை நாலு வாரம் தள்ளிப்போனாலே இறக்கும் அபாயம் 6 முதல் 13 சதவீதம் கூடுகிறது என்று, பல புற்றுநோய்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு அதே ஆண்டில் வந்தது. உங்கள் மாமியார் ஏற்கெனவே ஒரு மாதத்தை விட்டுவிட்டார்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டுங்கள். துணைக்கு ஒருவர் போதும், இருவரும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். புண்ணிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று ஊரில் யாராவது சொல்வார்கள். அது உண்மையில்லை, அந்தப் பேச்சை நம்பித் தாமதித்தவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். புற்று என்று தெரிந்தாலும், சிறிதாக இருக்கும்போது பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு முடியும். முற்றினால் கதிர்வீச்சும் சேரும். அது வாரம் ஐந்து நாள், ஆறேழு வாரம். நடுவில் நாள் விட்டால் பலன் குறையும் என்பதால் மதுரையில் தங்கவேண்டி வரலாம். புகையிலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

புற்றுநோய் குணமானவர்களின் வழக்கமான மறுபரிசோதனையை, மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டு சில வாரம் தள்ளலாம். பெரியம்மா அந்தக் கணக்கில் வரமாட்டார். கீமோ தேதியை நீங்களாக மாற்றாதீர்கள்.

அப்புறம், அவர் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கீமோ எடுப்பவருக்கு ரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், தொற்று சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஏறிவிடலாம். 100.4 டிகிரியைத் தொட்டால் கொரோனாவாக இருக்கும் என்று பாராசிட்டமால் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு, "கீமோ எடுக்கிறவர், காய்ச்சல்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.