ஆழமற்ற கரையோரக் கடலுக்கென்றே அமெரிக்கா கட்டிய எல்சிஎஸ் (லிட்டோரல் காம்பாட் ஷிப்) போர்க்கப்பல்கள் எங்கே சறுக்கின?

40 நாட் (மணிக்கு சுமார் 74 கி.மீ.) வேகம் வந்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த இடத்தில். பல வருடங்களாக இந்தக் கப்பல்களைப் பற்றிப் படித்துவருகிறேன். என் கணிப்பு இன்னும் மாறவில்லை.

கரையோரக் கடலுக்கென்று ஒரு கப்பல் தேவைப்பட்டது என்னவோ உண்மைதான். 1991 வளைகுடாப் போரில் ஒரே நாளில் டிரிப்போலி, பிரின்ஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல்கள் இரண்டும் கடற்கண்ணியில் (கடலில் வைக்கும் வெடியில்) சிக்கின. 2000-ல் ஏமனின் ஏடன் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிவந்த ஒரு சிறு படகு, கோல் என்ற அமெரிக்க டிஸ்ட்ராயரின் (பெரிய போர்க்கப்பலின்) பக்கவாட்டைப் பிளந்து 17 மாலுமிகளைக் கொன்றது. அந்த வகை டிஸ்ட்ராயர் மிதக்கவே 9 மீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். எல்சிஎஸ்ஸுக்கு அதில் பாதி போதும். இதுவரை சரி.

ஆனால் கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்க, என்ஜின் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காக வேண்டும். டீசல் என்ஜின் மட்டும் போதாமல் கேஸ் டர்பைனும் வந்தது. எல்சிஎஸ்ஸின் இரண்டு வகைகளில் ஒன்றான ஃப்ரீடமில் இரண்டையும் இணைத்து ஓட்ட ஒரு சிக்கலான கியர் வைத்தார்கள்; அதுவே திரும்பத் திரும்பப் பழுதானது. 2015-ல் அந்த வகையைச் சேர்ந்த மில்வாக்கி என்ற கப்பல் கடற்படையில் சேர்ந்த சில வாரங்களிலேயே நடுவழியில் நின்றுபோய், கட்டி இழுத்துவர வேண்டியதாயிற்று. இன்னொரு வகையான இன்டிபெண்டன்ஸ், எடை குறைய வேண்டுமென்று அலுமினியத்தில் கட்டப்பட்டது. தண்ணீரைப் பீய்ச்சிக் கப்பலைத் தள்ளும் வாட்டர்ஜெட் இருக்கும் இடத்தில் எஃகும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்ததால் அரிப்பு பிடித்தது.

இத்தனை பாடுபட்டு வாங்கிய வேகத்தால் என்ன பயன்? ஒலியின் வேகத்தை ஒட்டிவரும் ஏவுகணைக்கு முன்னால் 25 நாட்டும் 40 நாட்டும் ஒன்றுதான். எதிரிப் படகைத் துரத்துவதற்கோ, அந்தக் கப்பலிலேயே அதைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமான ஹெலிகாப்டர் இருக்கிறது.

எல்சிஎஸ்ஸின் இன்னொரு யோசனையான, வேலைக்கேற்ப ஆயுதத் தொகுப்பை மாற்றிக்கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். டென்மார்க்கின் ஃப்ளூவஃபிஸ்கன் கப்பல்கள் அதை 1980-களின் கடைசியிலேயே செய்துகாட்டின: பீரங்கி, ஏவுகணை எல்லாம் ஒரே அளவுப் பெட்டிகளில், கிரேன் வைத்துத் தூக்கி மாற்றிவிடலாம். அமெரிக்காவிலோ கப்பல் முந்திக்கொண்டது, பெட்டி வரவில்லை. முதல் கப்பல் ஃப்ரீடம் 2008-ல் சேர்ந்தது. கண்ணி அகற்றும் தொகுப்பு தயார் என்று அறிவித்தது 2023-ல். நீர்மூழ்கி எதிர்ப்புத் தொகுப்பையோ இடையிலேயே கைவிட்டார்கள். அந்தந்த வகையின் முதல் கப்பல்களான ஃப்ரீடமும் இன்டிபெண்டன்ஸும் 2021-லேயே ஓய்வுக்குப் போய்விட்டன. போர்க்கப்பலுக்கு அது சாகிற வயதே அல்ல.

2025-ல் கேன்பரா என்ற எல்சிஎஸ், கண்ணி அகற்றும் தொகுப்போடு பஹ்ரைன் போய்ச் சேர்ந்தது. அந்த வேலையில் ஆளில்லாப் படகை முன்னே அனுப்பிவிட்டு, கப்பல் கண்ணிப் பரப்புக்கு வெளியே காத்திருக்கும். அதற்கு 40 நாட் தேவையே இல்லை.