வேலையை விடலாமா, தச்சுப் பட்டறை வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளாக வார இறுதிகளில் வீட்டில் தச்சு வேலை செய்கிறேன். முக்காலி, மேசை, அலமாரி என்று 20 பொருட்களாவது செய்திருப்பேன். உளியைக் கையில் எடுத்தால் நேரம் போவதே தெரியாது. போன வருடம் புது மேலாளர் வந்ததிலிருந்து அலுவலகம் போகவே பிடிக்கவில்லை. வேலையை விட்டு இதையே தொழிலாக்கலாமா? பிடித்ததைத் தொழிலாக்கினால் அந்தப் பிடிப்பே போய்விடும் என்கிறார் கணவர். அது உண்மையா? தெரிந்தவர் ஒருவர் புத்தக அலமாரி கேட்டிருக்கிறார். அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பதில்: முதலில் ஒன்றைப் பிரித்துவிடுவோம். மரத்தின் மேல் உங்களுக்கு ஆசை வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வேலையை விடும் எண்ணம் வந்ததோ புது மேலாளர் வந்த பிறகு. நாளைக்கே அவர் மாற்றலாகிப் போய், பழையபடி நிம்மதியான மேலாளர் வந்தால், அப்போதும் ராஜினாமா செய்யத் தோன்றுமா? இதற்குத் தயங்காமல் 'ஆமாம்' வந்தால் மேலே படியுங்கள். 'தெரியவில்லை' என்றால் பிரிவு மாறுவதையோ நிறுவனம் மாறுவதையோ முதலில் பாருங்கள். பட்டறை எங்கும் போய்விடாது. அலுவலகத்திலிருந்து தப்பிக்க ஆரம்பிக்கும் தொழிலுக்கு முதல் மாதத்திலிருந்தே தாங்க முடியாத சுமை ஏறிவிடுகிறது.

அடுத்து, உங்கள் கணவர் சொன்னது. அதில் பாதி உண்மை இருக்கிறது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சில குழந்தைகளிடம் 'வரைந்தால் பரிசு' என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமலே வரைந்த பிறகு பரிசு கொடுத்தார்கள். மீதிப் பேருக்குப் பரிசே இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. ஆக, பரிசு கையில் வந்தது மட்டுமே ஆர்வத்தைக் குறைக்கவில்லை. 'இதற்காகத்தான் செய்கிறேன்' என்ற நினைப்பு முன்னால் வந்து உட்கார்ந்ததுதான் குறைத்தது. தொழிலில் அந்த நினைப்பை முழுதாகத் தவிர்க்க முடியாது. அதனால் யாரும் கேட்காத, விற்பனைக்கு வைக்காத ஒரு பொருள் எப்போதும் உங்கள் மேசையில் வளர்ந்துகொண்டிருக்கட்டும். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஆர்டர் குவியும்போது முதலில் அடிபடுவது அதுதான்.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. உங்களுக்குப் பிடித்திருப்பது தச்சு வேலையா, தச்சரின் ஒரு முழு நாளா? வார இறுதியில் என்ன செய்வது, எப்போது முடிப்பது, எந்த அளவில் செய்வது எல்லாம் உங்கள் விருப்பம். தொழிலில் அப்படி இருக்காது. அளவெடுக்கப் போக வேண்டும், மரம் பார்த்து வாங்க வேண்டும். ஈரம் வற்றாத மரம் வந்துவிட்டால், செய்து கொடுத்த மேசை சில மாதத்தில் வளைந்து உங்களிடமே திரும்பி வரும். உளியால் இணைப்பு வெட்டும் நேரம் சுகமானது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் பாலிஷ் காயக் காத்திருப்பதும் அப்படியல்ல. அப்புறம் பொருளைக் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும், பாக்கிப் பணத்துக்கு இரண்டு முறை போன் செய்ய வேண்டும். எட்டு மணி நேர நாளில் மரத்தோடு இருப்பது நான்கு மணி நேரம் என்றாலே நல்ல நாள். அந்த மீதி நான்கு மணி நேரத்தையும் சேர்த்துச் சுமக்க முடியுமா என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, செய்து பார்த்தால்தான் தெரியும்.

அதை வேலையில் இருந்துகொண்டே செய்து பாருங்கள். பயந்தவர்கள் தேடும் வழி என்று இதைச் சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. அமெரிக்காவில் 1994 முதல் 2008 வரை தொழில் தொடங்கியவர்களை ரஃபீ, ஃபெங் என்ற இரு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். வேலையில் இருந்தபடி தொடங்கிப் பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்களின் தொழில் தோற்கும் வாய்ப்பு, ஒரேயடியாக வேலையை விட்டவர்களைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. வில்லியம் ஹெர்ஷலையும் பாருங்கள். இங்கிலாந்தில் இசை கற்றுக்கொடுத்தும் வாசித்தும் பிழைத்தவர் அவர். 1773 வாக்கில் வானியல் அவரைப் பிடித்துக்கொண்டது. பகலில் இசை, இரவில் தொலைநோக்கி. யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தது 1781-இல். அப்போதும் அவர் இசைக்கலைஞர்தான். அரசர் ஆண்டுக்கு 200 பவுண்டு கொடுக்க முன்வந்த பிறகுதான், 1782-இல், இசைத் தொழிலை விட்டார். அந்தப் பணமும் பழைய வருமானத்தைவிடக் குறைவு என்பதால், தொலைநோக்கிகள் செய்து விற்று ஈடுகட்டினார். பிடித்த வேலைக்குள் வந்த பிறகும் அதைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு வேலை அவருக்குத் தேவைப்பட்டது.

ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியாட்களிடமிருந்து நான்கைந்து ஆர்டர், அதற்கு மேல் வேண்டாம். உறவினர் ஆர்டரைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பேச்சு, அலைச்சல், தேய்ப்பு, திருத்தம் எல்லாம் சேர்த்து எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதுங்கள். வாங்கிய தொகையிலிருந்து மரம், கீல், பசை, பாலிஷ், வண்டிக் கூலி, கருவித் தேய்மானம் கழித்து, மணி நேரத்தால் வகுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்காளர்கள்கூடத் தங்கள் சொந்த உழைப்பைப் பூஜ்யமாகப் போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 'பிடித்துத்தானே செய்கிறீர்கள், கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா' என்று யாராவது கேட்பார்கள். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆர்வத்தோடு வேலை செய்பவர்களிடம் கூலியில்லாமல் கூடுதல் வேலை வாங்குவது நியாயம்தான் என்று பலரும் கருதுவது தெரியவந்தது. அதனால் விலையை முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் நியமன ஒப்பந்தத்தில் வெளித்தொழில் செய்யத் தடை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கடன், மருத்துவக் காப்பீடு சம்பந்தப்பட்டவற்றைச் சம்பளம் வரும்போதே முடித்துவிடுங்கள். குறைந்தது ஒரு வருடக் குடும்பச் செலவு கையில் சேரும்வரை ராஜினாமா வேண்டாம். ஆறு மாதம் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. தச்சு வேலையில் மரத்துக்கு முன்பணம் போட வேண்டியிருப்பதால் எனக்கு அது போதாது என்று படுகிறது. முடிந்தால் இடையில் ஒரு மாதம் விடுப்பு எடுத்து, திங்கள் முதல் சனி வரை முழுநேரத் தச்சராக இருந்து பாருங்கள். மூன்றாவது வாரத்துத் திங்கட்கிழமை காலையில் பட்டறைக் கதவைத் திறக்கும்போது மனம் எப்படி இருந்தது என்று குறித்து வையுங்கள். கணவரிடமும் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள். அவருடைய பயத்துக்கு உங்கள் வாதத்தைவிட அது நல்ல பதிலாக இருக்கும்.

சரி, அந்தப் புத்தக அலமாரிக்காரருக்கு இன்றே பதில் அனுப்புங்கள். அளவு, மரம், விலை, கொடுக்கும் தேதி நான்கையும் எழுதி, பாதி முன்பணம் கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் அன்றே ஒரு நோட்டில் மணிக்கணக்கை எழுத ஆரம்பித்துவிடுங்கள்.